டீகப்ளிங் ஸ்டாக்: எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது, எப்போது எடுப்பது

காலை 10:40. துளை போடும் மெஷினில் டிரில் பிட் உடைகிறது. ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டுப் புது பிட் வாங்க ஸ்டோர்ஸுக்குப் போகிறார். மாட்டி, அளவு பார்த்து, மறுபடி ஓடவிட 25 நிமிடம் ஆகிறது. இத்தனையும் பக்கத்துப் பெயின்ட் பகுதிக்குத் தெரியவே தெரியாது. அங்கே தகடுகள் வழக்கம்போலக் கொக்கியில் ஏறிக்கொண்டிருந்தன. இரண்டு பகுதிக்கும் நடுவில், துளை போட்டு முடித்த தகடுகளோடு நான்கு டிராலிகள் நின்றிருந்தன. மெஷின் நின்ற நேரத்தில் அதில் ஒன்றேகால் டிராலி காலியானது, அவ்வளவுதான்.

அந்த டிராலிகளில் இருப்பதுதான் டீகப்ளிங் ஸ்டாக். ரயில் பெட்டிகளைக் கோத்துப் பிடிக்கும் கப்ளிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அது மாட்டியிருக்கும்வரை ஒரு பெட்டி நின்றால் எல்லாமே நிற்கும். கழற்றிவிட்டால் ஒன்று நின்றாலும் மற்றது கொஞ்ச தூரம் தன்பாட்டில் ஓடும். உற்பத்தியில் அந்தக் கப்ளிங்கைக் கழற்றிவிடும் வேலையை, இரண்டு கட்டங்களுக்கு நடுவே நிற்கும் அரைகுறைச் சரக்கு செய்கிறது. தமிழில் இடையிருப்பு என்றால் பொருந்தும். இனி அப்படியே சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இடையிருப்பை எண்ணிக்கையில் பார்க்காதீர்கள், நிமிடத்தில் பாருங்கள். '80 தகடு இருக்கிறது' என்றால் அது அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. 'அடுத்த பகுதி 80 நிமிடம் ஓடும்' என்றால் உடனே பேச்சு தெளிவாகிவிடும்.

மற்ற இருப்புகளோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க

சேஃப்டி ஸ்டாக், பஃபர் ஸ்டாக், வொர்க் இன் ப்ராசஸ் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது எங்கும் நடக்கிறது. எனக்குக் கைகொடுத்த ஒரு கேள்வி இருக்கிறது: இந்தச் சரக்கு தீர்ந்துபோனால் முதலில் யார் கத்துவார்கள்? வாடிக்கையாளர் கத்தினால் அது சேஃப்டி ஸ்டாக். எதிர்பார்த்ததைவிட ஆர்டர் கூடினாலோ, சப்ளையர் தாமதித்தாலோ சமாளிக்க வைத்தது. அடுத்த பகுதியின் சூப்பர்வைசர் கத்தினால் இடையிருப்பு. யாருமே கத்தவில்லையென்றால் அது வெறும் அடைசல். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

வொர்க் இன் ப்ராசஸ் என்பது கணக்குப் புத்தகத்துச் சொல். தொழிற்கூடத்துக்குள் பாதி முடிந்து நிற்கும் எல்லாமே அதில் சேரும். மெஷின் மேல் இருப்பது, நகர்ந்துகொண்டிருப்பது, ரீவொர்க்குக்கு ஒதுக்கியது எல்லாம். அதில் எந்தப் பகுதி தெரிந்தே, ஒரு காரணத்துக்காக, ஓர் அளவு வைத்து நிறுத்தப்பட்டிருக்கிறதோ அதை மட்டும்தான் இடையிருப்பு என்று சொல்ல வேண்டும். தானாகச் சேர்ந்ததற்கு அந்தப் பெயரைக் கொடுப்பது குப்பைக்குப் பட்டுத்துணி போர்த்துவது போல.

இது ஏன் தேவைப்படுகிறது

ஐந்து மெஷின் வரிசையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டு, துளை, பெயின்ட், அசெம்பிளி, பேக்கிங். ஒவ்வொன்றும் 90% நேரம் ஓடும், 10% நேரம் ஏதோ ஒரு காரணத்துக்காக நிற்கும். நடுவே ஒரு சரக்கும் இல்லை. அப்படியானால் லைன் எவ்வளவு நேரம் ஓடும்? பலர் 90% என்பார்கள். ஐந்தும் ஒரே சமயத்தில் நன்றாக இருந்தால்தான் லைன் ஓடும் என்பதால் 0.9-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும்: 59%. நின்றிருக்கும் மெஷின் அந்த நேரத்தில் பழுதாகாது என்பதையும் கணக்கில் எடுத்தால் சுமார் 64% வரும். எப்படிப் பார்த்தாலும் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் போய்விடுகிறது, அதுவும் எந்த மெஷினும் மோசம் என்று சொல்ல முடியாத நிலையில்.

இப்போது ஒவ்வோர் இடைவெளியிலும் எல்லையில்லாத இருப்பு வைத்தால் லைன் 90% ஓடும். அதற்கு மேல் போகாது. ஆக, இடையிருப்பால் கிடைக்கக்கூடிய மொத்த லாபம் 64-க்கும் 90-க்கும் நடுவில் இருக்கிறது. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. முதலில் வைக்கும் கொஞ்சம் சரக்கே அந்த லாபத்தின் பெரும்பகுதியைக் கொண்டுவந்துவிடும். அதற்கு மேல் வைக்க வைக்கப் பலன் தேய்ந்துகொண்டே போகும், இடமும் பணமும் மட்டும் அதே வேகத்தில் போகும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த முதல் கொஞ்சத்தைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

முதல் படி: நிறுத்தங்களை எழுதுங்கள்

கணக்குப் போடுவதற்கு முன் நான்கு வாரத்துக்காவது ஒவ்வொரு மெஷினும் எப்போது நின்றது, எவ்வளவு நேரம், ஏன் என்று எழுதி வைக்க வேண்டும். சலிப்பான வேலைதான். இதைத் தாண்டிக்கொண்டு நேராக ஃபார்முலாவுக்குப் போகிறவர்கள் கடைசியில் கைக்கு வந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எழுதும்போது ஒரு பிரிவினை முக்கியம். மெஷின் நிற்க மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, மெஷினே கெட்டுப்போனது அல்லது செட்டிங் மாற்றுகிறார்கள். இரண்டாவது, முன்பகுதியிலிருந்து சரக்கு வரவில்லை. இதைப் பட்டினி என்போம். மூன்றாவது, முடித்த சரக்கை வைக்க இடமில்லை. இது அடைப்பு. முதல் வகையை மெயின்டெனன்ஸ்தான் சரிசெய்ய வேண்டும், இடையிருப்பால் ஒன்றும் ஆகாது. பட்டினிக்கும் அடைப்புக்கும்தான் இடையிருப்பு மருந்து. மூன்றையும் சேர்த்து 'டவுன்டைம்' என்று ஒரே கட்டத்தில் எழுதினால், எந்த இடைவெளியில் மருந்து தேவை என்பது தெரியாமலே போய்விடும்.

இன்னொன்று. நான் வேலை பார்த்த ஒரு தொழிற்கூடத்தில் நிறுத்தப் பதிவேட்டைப் புரட்டினால் எல்லா நிறுத்தமும் 15 நிமிடம், 30 நிமிடம், 1 மணி நேரம் என்றே இருக்கும். ஒரு 7 இல்லை, ஒரு 22 இல்லை. ஷிப்ட் முடியும்போது ஞாபகத்திலிருந்து எழுதுகிறார்கள் என்பது பார்த்ததுமே புரிந்தது. அதில் 10 நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தம் ஒன்றுகூட இல்லை. உண்மையில் நாள் முழுக்க நடந்தது அதுதான். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரமும் பேனா கட்டிய அட்டையும் மாட்டிய பிறகு, ஒரே வாரத்தில் நிறுத்தங்களின் எண்ணிக்கை மும்மடங்கானது. மெஷின் கெட்டுப்போகவில்லை, பதிவேடு திருந்தியது.

இரண்டாம் படி: எது பாட்டில்நெக்

எந்தக் கட்டம் மணிக்கு மிகக் குறைவாகக் கொடுக்கிறதோ அதுதான் லைனின் வேகத்தைத் தீர்மானிக்கும். அதன் ஒரு மணி நேரம் போனால் மொத்த லைனுக்கே ஒரு மணி நேரம் போச்சு. மற்றதில் ஒரு மணி நேரம் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பிடித்துவிடலாம். இதைக் கண்டுபிடிக்க ஸ்டாப்வாட்ச் வேண்டும், ஆனால் முதல் துப்பு கண்ணாலேயே கிடைக்கும்: சரக்கு எதன் முன்னால் குவிந்து, எதன் பின்னால் வற்றிக் கிடக்கிறதோ அந்தக் கட்டம்.

நம் உதாரணத்தில் அது பெயின்ட். மணிக்கு 60 தகடு. அதற்கு முன்னால் இருக்கும் துளை மெஷின் மணிக்கு 70 கொடுக்கும்.

மூன்றாம் படி: எங்கே வைப்பது

எல்லா இடைவெளியிலும் கொஞ்சம் கொஞ்சம் வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நியாயமாகப் பங்குபோட்ட மாதிரி இருக்கும், அதனால் கூட்டத்தில் யாரும் எதிர்க்கவும் மாட்டார்கள். ஆனால் சரக்குக்கு நியாயம் தெரியாது.

முதல் இடம் பாட்டில்நெக்குக்கு முன்னால். அது பட்டினி கிடக்கக் கூடாது. இதை எல்லோரும் சொல்வார்கள். அவ்வளவாகச் சொல்லாத இன்னோர் இடம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அங்கே வைக்க வேண்டியது சரக்கு இல்லை, காலி இடம். அசெம்பிளி அரை மணி நேரம் நின்றால், பெயின்ட் முடித்த தகடுகளை எங்கே வைப்பது? இடமில்லையென்றால் பெயின்டும் நிற்கும். எனவே பெயின்டுக்கு முன்னால் டிராலிகள் நிறைந்தே இருக்க வேண்டும், பின்னால் டிராலிகள் பெரும்பாலும் காலியாகவே இருக்க வேண்டும். பின்னால் காலியாக நிற்கும் டிராலிகளைப் பார்த்து 'இது எதற்கு வெட்டியாக' என்று யாராவது வேறு பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதன் மேல் பெயர் எழுதி வையுங்கள்.

இரண்டு பகுதிகளின் தாளம் ஒத்துப்போகாத இடத்திலும் இருப்பு தேவைப்படும். சூட்டடுப்பு ஒரே முறையில் 40 உருப்படி வாங்கும், அதற்கு முந்தைய மெஷினோ ஒவ்வொன்றாகக் கொடுக்கும். 40 சேரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஷிப்ட் வித்தியாசமும் அப்படியே. முன்பகுதி ஒரே ஷிப்டில் 8 மணி நேரம், மணிக்கு 120 என்று ஓடுகிறது. பின்பகுதி இரண்டு ஷிப்டில் 16 மணி நேரம், மணிக்கு 60. முதல் ஷிப்ட் முடியும்போது நடுவில் 480 உருப்படி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் ஷிப்டுக்கு வேலையில்லை. இந்த 480 பழுதுக்காக வைத்தது இல்லை. தினமும் ஏறி, தினமும் வடியும். பழுதுக்கான இருப்பை இதற்கு மேல் தனியாகக் கூட்ட வேண்டும். பலர் இரண்டையும் ஒன்றாகப் பார்த்து, 'எவ்வளவு இருக்கிறதே' என்று பழுதுக்கானதை வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் இரண்டாம் ஷிப்டின் கடைசி மணி நேரத்தில் லைன் நிற்கும்.

இன்னும் ஒரு நல்ல இடம், உருப்படிகள் பல வகையாகப் பிரியும் இடத்துக்குச் சற்று முன். துளை போட்ட தகடு ஒரே வகை. பெயின்ட் ஆனதும் எட்டு நிறம். எட்டு நிறத்திலும் தனித்தனியாக இருப்பு வைத்தால், தேவையான நிறம் இருக்காது, தேவைப்படாத நிறம் குவிந்திருக்கும். நிறமில்லாத தகடாக வைத்தால் எந்த ஆர்டருக்கும் ஆகும்.

வைக்கக் கூடாத இடங்கள்: நேரமாக ஆகக் கெட்டுப்போகும் நிலையில் இருக்கும் சரக்கு (பூசி உலராத பசை, துரு ஏறும் வெற்று உலோகம்), சீக்கிரம் வடிவமைப்பு மாறக்கூடிய பாகம், செய்யும்போதே பிழை தெரியாமல் அடுத்த கட்டத்தில்தான் தெரியவரும் வேலை. இந்தக் கடைசி வகைக்குக் கீழே திரும்ப வருகிறேன்.

நான்காம் படி: எவ்வளவு வைப்பது

துளை மெஷினின் நான்கு வாரப் பதிவு நம் கையில் இருக்கிறது. வாரம் 6 நாள், நாளுக்கு 8 மணி நேரம், மொத்தம் 192 மணி நேரம். அதில் 22 நிறுத்தங்கள். 14 நிறுத்தம் 20 நிமிடத்துக்குள், சராசரியாக 10 நிமிடம். 5 நிறுத்தம் 20-லிருந்து 45 நிமிடம் வரை. 2 நிறுத்தம் 1 மணி நேரம். ஒன்று மட்டும் மூன்றரை மணி நேரம்.

இங்கே பெரும்பாலானவர்கள் சராசரியை எடுப்பார்கள். மொத்தம் சுமார் 620 நிமிடம், 22-ஆல் வகுத்தால் 28 நிமிடம், ஆக 28 தகடு போதும் என்று முடிவு. சராசரி இந்த இடத்தில் ஏமாற்றிவிடும். பாதிக்கு மேற்பட்ட நிறுத்தங்கள் 28 நிமிடத்துக்கு வெகு கீழே, லைனை உண்மையில் நிறுத்துகிறவை வெகு மேலே. யாருக்கும் பொருந்தாத சட்டையைத் தைத்த கதைதான். அதற்குப் பதிலாக நிறுத்தங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, எதுவரை காப்பாற்ற வேண்டும் என்று ஒரு கோடு கிழியுங்கள்.

45 நிமிட இருப்பு வைத்தால் 22-இல் 19 நிறுத்தங்கள் பெயின்டுக்குத் தெரியாது. 60 நிமிடம் வைத்தால் 21. கூடுதலாக 15 தகடு வைத்து இரண்டு பெரிய நிறுத்தங்களைக் கடக்கிறோம், லாபம்தான். மிச்சமிருக்கும் ஒன்றையும் கடக்க வேண்டுமென்றால் 210 நிமிடம், அதாவது இன்னும் 150 தகடு வேண்டும். நான்கு வாரத்தில் ஒரு முறை நடக்கும் ஒன்றுக்காக ஆண்டு முழுக்க 150 தகட்டை நிறுத்தி வைப்பதா? நான் வைக்க மாட்டேன். அந்த மூன்றரை மணி நேரம் ஏன் ஆனது என்று பதிவேட்டைப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரு மோட்டாரோ பெல்ட்டோ கையிருப்பில் இல்லாமல் வெளியிலிருந்து வரக் காத்திருந்திருப்பார்கள். அலமாரியில் ஒரு பெல்ட் வைப்பது 150 தகட்டைவிட மலிவு.

சரி, 60. இதோடு முடியவில்லை. துளை பகுதியிலிருந்து தகடுகள் 20 கொண்ட டிராலியாகத்தான் வருகின்றன. டிராலியில் 19 தகடு சேர்ந்து, 20-ஆவது போடும்போது மெஷின் நின்றால், அந்த 19-உம் பெயின்டுக்குப் போய்ச் சேராது. அதனால் ஒரு டிராலி அளவைக் கூட்ட வேண்டும்: 80 தகடு, நான்கு டிராலி. ஆரம்பத்தில் நின்றிருந்தது அதே நான்குதான்.

இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. நான் பார்த்தவரை பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். வடிந்த இருப்பு மறுபடி எவ்வளவு நேரத்தில் நிறையும்? துளை மணிக்கு 70, பெயின்ட் 60. வித்தியாசம் 10 மட்டுமே. 10 நிமிட நிறுத்தத்தில் போன 10 தகட்டைத் திரும்பச் சேர்க்க 1 மணி நேரம். 1 மணி நேர நிறுத்தத்தில் போன 60 தகட்டுக்கு 6 மணி நேரம், ஏறக்குறைய ஒரு முழு ஷிப்ட். நிறுத்தங்களோ சராசரியாக 8.7 மணிக்கு ஒரு முறை வருகின்றன. சமாளிக்கலாம், ஆனால் தாராளமாக இல்லை. ஒரு பெரிய நிறுத்தம் முடிந்த அன்று இன்னொன்று வந்தால் கையில் பாதி இருப்புதான் இருக்கும். அப்படிப்பட்ட நாளில் துளை பகுதிக்கு ஒரு மணி நேரம் ஓவர்டைம் கொடுத்து நிரப்புவது, 40 தகட்டை நிரந்தரமாகக் கூட்டுவதைவிட நல்லது.

முன்பகுதிக்குக் கூடுதல் வேகம் இல்லாவிட்டால் எவ்வளவு இருப்பு வைத்தாலும் போதாது. ஒரு முறை வடிந்தது வடிந்ததுதான். வரிசைக் கோட்பாட்டில் (வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் கணிதம் இது) ஜான் கிங்மேன் 1961-இல் கொடுத்த தோராயக் கணக்கு இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. ஒரு மெஷின் 80% நேரம் வேலையில் இருந்தால், அதன் முன் காத்திருக்கும் நேரத்தைப் பெருக்கும் எண் 4. 90% ஆனால் 9. 95% ஆனால் 19. ஏற்ற இறக்கம் அதே அளவில் இருந்தாலும் இந்த எண் மட்டும் இப்படித் தாவும். எல்லா மெஷினையும் 100% ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிற நிர்வாகமும், இருப்பைக் குறைக்கச் சொல்லும் நிர்வாகமும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க முடியாது. பெரும்பாலும் ஒரே ஆள்தான் இரண்டையும் சொல்வார்.

வைத்ததற்கு என்ன விலை? அதே 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி போதும்: நடுவில் நிற்கும் சரக்கை, மணிக்குப் போகும் அளவால் வகுத்தால், ஓர் உருப்படி அங்கே காத்திருக்கும் நேரம் கிடைக்கும். 80 தகடு, மணிக்கு 60. ஆக ஒவ்வொரு தகடும் பெயின்டுக்கு முன் 80 நிமிடம் நிற்கும். அந்த 80 நிமிடம் உங்கள் டெலிவரி நேரத்தில் சேரும். இப்படி நான்கு இடைவெளியிலும் வைத்தால் 5 மணி 20 நிமிடம். சரக்கில் முடங்கும் பணத்தைவிட இந்த நேரம்தான் பல தொழில்களில் அதிகம் வலிக்கும்.

ஐந்தாம் படி: தரையில் எல்லை போடுங்கள்

கணக்கில் 80 என்று எழுதி வைத்தால் அது 80-இல் நிற்காது. துளை மெஷின் வேகமானது, ஆபரேட்டர் சும்மா உட்காரப் பிடிக்காதவர், சூப்பர்வைசருக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும். ஒரு மாதத்தில் 80 எண்பதாக இருக்காது, 300 ஆகியிருக்கும். அதனால் எல்லையைக் கம்ப்யூட்டரில் வைக்காமல் தரையில் வையுங்கள். நான்கு டிராலி நிற்கும் அளவுக்கு மஞ்சள் கோடு. ஐந்தாவது டிராலியே அந்தப் பகுதிக்குக் கிடையாது. நான்கும் நிறைந்தால் துளை மெஷின் நிற்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் சண்டை வரும். மெஷின் நன்றாக இருக்கிறது, ஆளும் இருக்கிறார், ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்பார்கள். மேலாண்மைச் சிந்தனையாளர் எலியாஹு கோல்ட்ராட் இதற்கு முரசு, இருப்பு, கயிறு என்று ஓர் ஏற்பாட்டைச் சொன்னார். பாட்டில்நெக் முரசு அடிக்கிறது, அதன் முன் இருப்பு காவல் நிற்கிறது, அந்த இருப்பிலிருந்து ஒரு கயிறு லைனின் தொடக்கம்வரை போய், அதற்கு மேல் உள்ளே விடாதே என்று இழுத்துப் பிடிக்கிறது. கயிறு இல்லாவிட்டால் இருப்பு மலையாகிவிடும். அந்த நேரத்தில் ஆபரேட்டருக்குச் செய்ய வேலை இருக்கிறது: மெஷினைத் துடைப்பது, பிட் தீட்டி வைப்பது, அடுத்த செட்டிங்கைத் தயார் செய்வது. இது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'சும்மா நிற்கிறார்' என்று யாராவது அவரை வேறு பகுதிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், டிராலி காலியாகும்போது ஆள் இருக்க மாட்டார்.

முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பதற்கும் தரையிலேயே வழி பண்ணலாம். டிராலிகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி தடம் போட்டால் போதும். சுவரை ஒட்டி நிறுத்தினால் கடைசியில் வந்ததே முதலில் போகும், உள்ளே மாட்டிய டிராலி மாதக்கணக்கில் அங்கேயே துருப்பிடிக்கும்.

ஆறாம் படி: நிறம் கொடுத்து, ஆள் ஒதுக்குங்கள்

இருப்பை மூன்றாகப் பிரியுங்கள். நம் உதாரணத்தில் மூன்று அல்லது நான்கு டிராலி நிறைந்திருந்தால் பச்சை. இரண்டு என்றால் மஞ்சள்: மெயின்டெனன்ஸுக்குத் தகவல் போக வேண்டும். ஒன்றோ அதற்கும் குறைவோ என்றால் சிவப்பு: சூப்பர்வைசர் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். சிவப்பு வந்தால் யார் வருவார்கள் என்று பெயர் குறிக்காமல் நிறம் மட்டும் பூசினால், அது தொழிற்கூடத்துக்கு அலங்காரம்.

ஒவ்வொரு முறை சிவப்பைத் தொடும்போதும் ஒரு வரி எழுதுங்கள்: எப்போது, எதனால். இரண்டு மாதம் கழித்து அந்தத் தாளைப் பார்த்தால், எதைச் சரிசெய்தால் இருப்பைக் குறைக்கலாம் என்பது தானாகத் தெரியும்.

பிழையும் குவியும்

மேலே பாக்கி வைத்த விஷயம் இது. ஒரு முறை துளை மெஷினின் ஜிக் (தகட்டைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் சட்டம்) லேசாக நகர்ந்து, துளைகள் 2 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தன. கண்ணுக்குத் தெரியாது. பெயின்டிலும் தெரியாது. அசெம்பிளியில் திருகு உள்ளே போகாதபோதுதான் தெரிந்தது. அதற்குள் பெயின்டுக்கு முன்னால் நான்கு டிராலி, பின்னால் இரண்டு டிராலி, எல்லாமே அந்தத் தள்ளிப்போன துளையோடு. 120 தகடு. இருப்பே இல்லாத லைனாக இருந்திருந்தால் ஐந்தாறு தகட்டிலேயே பிடிபட்டிருக்கும். இருப்பு நம்மை நிறுத்தத்திலிருந்து காப்பாற்றியது, பிழையையும் அதே அக்கறையோடு காப்பாற்றி வைத்தது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம்: இருப்புக்குள் நுழையும் வாசலில் சோதனை. ஒவ்வொரு டிராலியிலும் முதல் தகடும் கடைசித் தகடும் கேஜில் வைத்துப் பார்க்கப்படும். டிராலியில் தொங்கும் அட்டையில் நேரமும் மெஷின் எண்ணும் இருக்கும். பிழை வந்தால் எந்த டிராலியிலிருந்து தொடங்கியது என்று ஒரே நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

கணக்கில் ஏற்றுவது

சுருக்கமாகவே சொல்கிறேன். ஒவ்வோர் இடையிருப்புக்கும் கம்ப்யூட்டரில் தனி இடக்குறியீடு கொடுங்கள். சேஃப்டி ஸ்டாக்கோடு ஒரே எண்ணில் கலக்க வேண்டாம். கலந்தால், பிளானிங் சாஃப்ட்வேர் இடையிருப்பைப் 'பயன்படுத்தக் கிடைக்கும் சரக்கு' என்று எடுத்துக்கொண்டு புது வேலையே போடாமல் விட்டுவிடும். வாரம் ஒரு முறை டிராலியை எண்ணிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். நான்கு டிராலி என்பதால் இரண்டு நிமிட வேலை.

சப்ளையருக்கும் நமக்கும் நடுவே

இதே கேள்வி நிறுவனத்துக்கு வெளியேயும் எழும், அங்கே பதில் பெரிதாகிவிடும். 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜப்பானின் காரியா நகரில் ஐசின் செய்க்கி நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்றில் தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் ஒரு சிறு வால்வு ஏறக்குறைய முழுக்க அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. டொயோட்டா கையில் இருந்தது சில மணி நேரத்துக்கான இருப்பு. அசெம்பிளி லைன்கள் அடுத்தடுத்து நின்றன.

இதைப் படித்துவிட்டு 'பார்த்தீர்களா, நிறைய வைத்திருக்க வேண்டும்' என்பவர்கள் உண்டு. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். தையல் மெஷின் செய்யும் ஒரு நிறுவனம் உட்படப் பலர் வரைபடத்தை வாங்கி அந்த வால்வைச் செய்து கொடுத்தார்கள். ஒரு வார காலத்தில் உற்பத்தி பெரும்பாலும் மீண்டுவிட்டது. டொயோட்டா தன் குறைந்த இருப்பு முறையையும் கைவிடவில்லை. தொழிற்சாலையே எரிந்துபோனால் அதைச் சமாளிப்பது இடையிருப்பின் வேலை இல்லை. அது தினசரித் திக்கலுக்கு மட்டும்தான். பேரிடருக்கு வேண்டியது மாற்று வழி.

மாற்று வழியே இல்லாத பாகம் என்றால்? 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே டொயோட்டா செமிகண்டக்டர்களுக்கு மட்டும் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கான இருப்பை சப்ளையர்களிடம் வைக்கச் சொன்னது. சிப் செய்யும் ஆலை நின்றால் மீள மாதக்கணக்கில் ஆகும், வேறு யாரும் வரைபடத்தை வாங்கிச் செய்துவிடவும் முடியாது. ஒரு பாகத்துக்குச் சில மணி நேரம், இன்னொன்றுக்குப் பல மாதம், ஆனால் கணக்கு ஒன்றுதான்: வரத்து நின்றால் திரும்ப எத்தனை நேரம் ஆகும்?

ஏழாம் படி: ஒரு டிராலியை எடுத்துப் பாருங்கள்

மூன்று மாதம் ஓடியாயிற்று. சிவப்புத் தாளில் இரண்டே வரிகள். டிராலிகள் பெரும்பாலும் பச்சையிலேயே இருக்கின்றன. அப்படியானால் ஒரு டிராலியை எடுத்துவிடுங்கள். ஒன்றே ஒன்று, இரண்டு வேண்டாம். எடுத்த பிறகு நான்கு வாரம் கவனியுங்கள். முன்பு தெரியாமல் இருந்த ஏதோ ஒன்று மேலே வரும்: செட்டிங் மாற்ற ஆகும் 40 நிமிடம், பிட் வாங்க ஸ்டோர்ஸில் நிற்கும் வரிசை, மதிய இடைவேளைக்குப் பிறகு மெதுவாகச் சூடேறும் மெஷின். அதைச் சரிசெய்தால் மூன்று டிராலியே போதும். சரிசெய்ய முடியாவிட்டால் நான்காவதைத் திருப்பி வையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதிர்த்திசையிலும் பாருங்கள். வாரம் மூன்று முறை சிவப்பைத் தொடுகிறது என்றால் உடனே ஐந்தாவது டிராலி கேட்பார்கள். கொடுக்கும் முன் சிவப்புத் தாளைக் கேளுங்கள். எல்லா வரியிலும் ஒரே காரணம் இருந்தால் டிராலி தேவையில்லை, அந்தக் காரணத்துக்கு ஆள் அனுப்புங்கள். ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு காரணம் இருந்தால் டிராலி தேவைதான்.

இன்னொன்றும் நடக்கும். நீங்கள் எடுத்த டிராலி ஆறு வாரம் கழித்து, யாரும் சொல்லாமலே, மஞ்சள் கோட்டுக்கு வெளியே சுவரோரமாக வந்து நிற்கும், நிறைய தகடுகளோடு. திட்டிவிட்டு மறுபடி தள்ளிக்கொண்டு போகத்தான் முதலில் தோன்றும். அதற்கு முன் இரவு ஷிப்ட் ஆபரேட்டரிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இரவில் ஸ்டோர்ஸ் பூட்டியிருக்கும், சாவி வர ஒரு மணி நேரம் ஆகும் என்று அவர் சொன்னால், உங்கள் பதிவேட்டில் பகல் நிறுத்தங்கள் மட்டும்தான் இருந்திருக்கின்றன என்று அர்த்தம். முதல் படியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள், இந்த முறை இரவு ஷிப்டுக்கும் ஒரு பேனா கட்டிய அட்டையோடு.